மிருகத்தின் முதுகில் இரட்டைத் தையல்

பழைய ஜப்பான் படமொன்றில் கடலிலிருந்து எழுந்து வரும் ராட்சத மிருகம் ஒரு நகரத்தையே மிதித்து அழிக்கும். அந்தப் படத்தை எடுத்த விதத்தை மகளின் ஆசிரியை வகுப்பில் காட்டியிருந்தார். ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதன். அவன் காலடியில் முழங்கால் உயர நகரம். விளக்குச் சூட்டில் அவன் மயங்கி விழுவானாம். உடுப்பைக் கழற்றினால் வியர்வையைக் கோப்பையில் பிடிக்கலாமாம். மகள் சோறு சாப்பிட்டபடி இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

பிறகு அதே மாதிரி ஒரு படத்தைப் பள்ளி முற்றத்தில் எடுக்க முடிவானது. நகரம், இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோ. மிருகம் என் மகள். உடுப்புத் தைக்க நான்.

"வேண்டாமெண்டு சொல்லுவமோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அவள் பிறந்த நாளிலயிருந்து உமக்கு எல்லாத்துக்கும் பயம். ஒன்பது வயசாச்சு, விடும். உம்மட தையலைப் பள்ளிக்கூடமே பாக்கப்போகுது."

நான் வேலை செய்யும் வீட்டுக்காரி, சிஞ்ஞோரா, பழைய பஞ்சு மெத்தை ஒன்றைத் தந்தார். கபோ சந்தையில் பச்சை மழைக்கோட்டுத் துணி வாங்கினேன். முதுகை ஒட்டித் திறக்கும் பட்டியால் மூடினால் போதும் என்றார் ஆசிரியை. ஆனால் பிள்ளை குனிந்தபோது பட்டி விலகி உள்ளேயிருந்த ரோசாச் சட்டை தெரிந்தது. நாலு பேர் பார்க்கிற வேலை. படம் எடுக்கும் அன்று அவளை உள்ளே விட்டு, நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டு முதுகை மூடினேன். கண்ணூறு படாமலிருக்க மிருகத்தின் கன்னத்தில் கறுப்புப் பொட்டும் வைத்தேன். அதற்கெல்லாம் யோசித்தேன்.

மத்தியான வெயில். முதல் அடி காகித மட்டையில் செய்த ரயில் நிலையத்தின் கூரையில் விழுந்தது. வால் சுழன்று சந்தைக் கடைகளை வாரி எறிந்தது. வீடுகளைக் குத்தினாள், தேவாலயத்தைக் காலால் நசுக்கினாள். என் பிள்ளைக்குள் இவ்வளவு வெறி எங்கே இருந்தது? "பிராவா, இன்னும், இன்னும்," என்றார் ஆசிரியை.

மிருகம் குப்புற விழுந்து கால்களை உதறியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நடிப்பென்றால், குறுக்கே போனால், பிள்ளைக்கு எவ்வளவு வெட்கம் என்று நின்றேன். பிறகு ஒரு கால் நின்றது. மற்றது மெல்ல, மெல்ல அடித்தது. காற்றில்லாத இடத்தில் ஒரு பிள்ளை எப்படிக் கால் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். வன்னியில் பதுங்குகுழி இடிந்து மூடிய அன்று பார்த்திருக்கிறேன்.

மட்டை வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். மிச்சமிருந்த வீடுகளை நானே மிதித்தேன். மிருகத்தின் மேல் முழங்காலை ஊன்றிக் குத்தினேன். என் தையல் அறவில்லை. பக்கத்துத் துணியைக் கிழித்தேன். துணி, பஞ்சு, ரோசாச் சட்டை, அதற்குக் கீழே தோல். இரத்தம் பஞ்சில் ஊறியது. அக்குளில் கைகொடுத்து இழுத்தெடுத்தேன். ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்த கணம் என் முகத்தில் அறைந்தாள்.

"ஏன் வெட்டினீங்கள்? நான் நடிச்சனான்."

ஒருவரும் கை தட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் தோளில் நான்கு தையல் போட்டார்கள். "நீர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்றார் கணவர். இருக்கலாம்.

வீட்டில் உடுப்பின் காலைத் தலைகீழாகப் பிடித்தேன். வியர்வை கொட்டியது. தேநீர்க் கோப்பையில் பிடித்து மகளுக்குக் காட்டினேன்.

"ஜப்பான்காரனுக்கு முழுக் கோப்பை. எனக்கு அரைதான்," என்றாள்.

கொஞ்ச நேரம் கிழிந்த முதுகைத் தடவிப் பார்த்தாள். விரல் என் தையலில் நின்றது.

"அம்மா, இதை உள்ளுக்கிருந்து எப்பிடிக் கழட்டுறது? விழுந்து கிடக்கேக்க நான் தேடினனான்."