அப்பா திருத்தாமல் விட்ட நாற்காலிகள்

அப்பா பகலில் பேருந்துப் பணிமனையில் பிரேக் பழுது பார்ப்பார். சாயங்காலம் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இனி வரப்போகும் கொடுங்காலங்களைப் பற்றி நாவல் எழுதுவார். பணிமனையில் அவருக்கு 'கிரீஸ் எழுத்தாளர்' என்று பட்டப்பெயர்.

"என்னண்ணே, இந்தத் தடவையும் ஊரைக் கொளுத்திட்டீங்களா?"

"நான் எங்கடா கொளுத்துறேன்? கதவைச் சாத்துறேன், அவ்வளவுதான்."

கடைசி நாவலை முடித்த கையோடு நெஞ்சுவலியில் கண்ணை மூடினார்.

பிழை திருத்தும் வேலை மகள் தலையில் விழுந்தது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில். அழுகையை அடக்கிக்கொண்டு வரிவரியாகச் சோதித்தாள். கொடிய அரசின் கீழ் வாழும் ஒரு குடும்பத்தின் கதை. தொடக்கத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள். நடுவில் நான்கு. முடிவில் இரண்டு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மறதி என்று நினைத்தாள். எல்லா இடத்திலும் ஐந்தாக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று மதியம் சாப்பிட வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு மேசையருகே மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. அப்பாவுடையதைக் காணோம்.

"அம்மா, அப்பா நாற்காலி எங்கே?"

"தண்ணி எடுத்து வச்சுக்கோ" என்றாள் அம்மா.

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. "சாப்பாடு ஆறுதுக்கா."

அப்பாவின் நாவல் சட்டென்று நினைவுக்கு வந்தது. அந்த நாவலில் யாரையும் இழுத்துப் போகும் காட்சி கிடையாது. காவலர் கிடையாது, கூச்சல் கிடையாது. ஒருவர் இல்லாமல் போவார். மிச்சமிருப்பவர்கள் நெருங்கி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பயம் அந்த வீட்டைத் தின்றதைச் சொல்ல அப்பா நாற்காலி குறைவதை மட்டுமே நம்பியிருந்தார். அதைத்தான் அவள் துடைத்துப் போட்டிருந்தாள்.

அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, புத்தகத்தை ஓட்டிட்டீங்களா?"

"பாதி ஓடிருச்சும்மா. ஏன்?"

"நிறுத்துங்க. நாற்காலில நான் மாத்தினது எல்லாமே தப்பு. அப்பா எழுதினபடியே போடுங்க."

"அப்போ ஓடின தாளு?"

"கிழிச்சுப் போட்டுருங்க."

"படிக்கிறவன் அச்சுப்பிழைன்னு என்னைத்தானேம்மா திட்டுவான்?"

"திட்டட்டும்ணே. பெத்த பொண்ணு எனக்கே இப்பத்தான் உறைச்சுது."

போனை வைத்தாள். தம்பி தட்டிலிருந்து கையை எடுத்திருந்தான்.

"நான்தான்க்கா மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்" என்றான். "பாக்க முடியல."