சேர்மனுக்குப் போட்ட சோஃபா

பதினைந்து நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிறு காலை. எங்கள் டீம் கோல் போட்டது. கார்னரிலிருந்து வந்த பந்து, தலையால் ஒரே முட்டு. துள்ளி எழுந்தேன். கட்டிப்பிடிக்க வலது பக்கம் திரும்பினேன்.

அங்கே ஒரு டீப்பாய். அதன்மேல் தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் பூவும்.

இடது பக்கம் திரும்பினேன். காலி சோஃபா. விரித்த கைகளை என்ன செய்வது? தலைக்கு மேலே கூப்பி, "முருகா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன... தமிழோடு தெலுங்கும் உருதும் கலந்து பேசுகிற இந்த அல்வாலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நான், எங்கள் பேட்டை ஃபுட்பால் கிளப்புக்கு சேர்மன் ஆகிவிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு இது பெரிய மரியாதை. "சாமியா குடுக்கிற பொறுப்பு. வேணாம்னு சொல்லிடாதீங்க" என்றாள் வீட்டுக்காரி. முருகன் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

யோசிக்காமல் விட்டது ஒன்றுதான் – சேர்மனுக்கு இடம் ஷாமியானாவுக்குக் கீழே.

என் இடம் அதுவா? முட்டி போய் ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து, இருபது வருஷமாக நான் நின்றது வடக்கு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால். நான், காஞ்சன்பாக்கில் ஃபாக்டரி வேலை பார்த்து ரிட்டையரான செல்வராஜ், ஆட்டோ ஓட்டும் யாதகிரி. மூன்று பேர், ஒரு பொட்டலம் வேர்க்கடலை. பாதி நேரம் ஆட்டம் பார்ப்போம். மீதி நேரம் சேர்மனைத் திட்டுவோம். புல் காய்ந்தால் சேர்மன். ரெஃப்ரி விசில் ஊதினால் சேர்மன். மழை பெய்தால்கூட சேர்மன்தான். திட்டுவதில் முதல் ஆள் நான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

அன்றைக்கு இடைவேளையில் அவர்களைத் தேடி நடந்தேன். செல்வராஜின் குரல் தூரத்திலேயே கேட்டது. கிட்டே போகப் போகக் குறைந்தது. போய்ச் சேர்ந்ததும் நின்றே விட்டது.

"வாங்க சேர்மன் சார்."

"என்னடா புதுசா சார்?"

"பதவின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான் செல்வராஜ், என் முகத்தைப் பார்க்காமல்.

யாதகிரி எங்கிருந்தோ ஒரு சேர் தூக்கிவந்து போட்டான்.

"நக்கோ யார், சேர் வேணாம். நான் நிக்கிறேன்."

"பர்வாலேது சார், உக்காருங்க."

அவர்கள் நிற்க, நான் உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் வேர்க்கடலையைத் தனிக் காகிதத்தில் எடுத்து நீட்டினார்கள்.

"பேசிட்டிருந்ததைப் பேசுங்களேன்" என்றேன்.

"ஒண்ணுமில்ல... புல்லு நல்லா இருக்கு சார்."

புல் நன்றாக இல்லை. எனக்குத் தெரியாதா? என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை வைத்துக்கொண்டு என்னை எப்படித் திட்டுவார்கள்? எங்களுக்கோ வேறு பேச்சு பழக்கமில்லை. மூன்று பேரின் சிநேகம் முழுக்க இன்னொருத்தரைத் திட்டியே வளர்ந்தது என்பது அந்தச் சேரில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். பத்தடி தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

அந்த வாரம் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் டீக்கு வருகிற செல்வராஜ் வரவில்லை. ஃபோன் செய்தால், "மீட்டிங்ல இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்கிறான். என்ன மீட்டிங்? நான் தனியாக ப்ரைமர் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலில் பழைய சேர்மனைப் பார்த்தேன். நரசிம்மலு சார். துணிக்கடைக்காரர். சர்க்கரை வியாதியால் கண் மங்கிப் பதவியை விட்டவர். பிரகாரத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாமி இருக்கிற இடத்தில் எதை மறைப்பது?

"சார், இத்தனை வருஷமா கோல்போஸ்ட் பின்னாடி நின்னு உங்களைத் திட்டியிருக்கேன். மன்னிச்சிடுங்க."

"தெலுசு, தெரியும்" என்று சிரித்தார். "காத்து அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். சோஃபாலே உக்காந்தா எல்லாம் கேக்கும். உங்க குரல்தான் பெருசு."

எனக்குத் தலை நிமிரவில்லை. "ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நிறுத்திருவீங்க. அப்புறம் அங்க எனக்கு யாரு துணை?"

சாதாரணமாகத்தான் சொன்னார். பூஜை மணி அடித்தது. எழுந்து நின்று கை கூப்பினோம். என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிறு மறுபடி அதே சோஃபா. பக்கத்தில் கிளப் செக்ரட்டரி, அவரோ மொபைலுக்குள். எங்கள் கோல்கீப்பரின் இரண்டு காலுக்கும் நடுவே பந்து மெதுவாக உருண்டு உள்ளே போனது. நான் பந்தைப் பார்க்கவில்லை. வடக்குப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். காற்று வந்தது. குரல் வரவில்லை. இனி இவ்வளவுதானா?

அப்புறம் வந்தது.

"டேய் பெயிண்ட் டப்பா... கைக்குடா, எதுக்குடா அங்க சொகமா ஒக்காந்திருக்கே? கோலிய மாத்துடா. இல்லேன்னா நீ வந்து நில்லுடா."

செக்ரட்டரி முகம் சிவந்து எழுந்தார். "மரியாதை இல்லாம பேசறாங்க சார். போய் சொல்லிட்டு வரவா?"

அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

முருகா, செல்வராஜின் தொண்டைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்.