எட்டாம் மாதத்து விமானம்

பீர்க்கன்கரணை ஏரிக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. அந்த வீட்டில் உப்பு எப்போதும் ஜாடியில் கட்டியாகத்தான் கிடக்கும். கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி வந்தால் சுவரில் ஈரம் ஏறும். பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமத்துப் போகும். பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயில் ஏறுவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "கடவுளே, வேர்க்காத ஊர் ஒன்று இருந்தால் என்னைக் கொண்டுபோய் அங்கே விடு" என்று எத்தனையோ தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் கணவருக்கு லேவுக்கு மாற்றல் வந்தது. அவர் பல்லாவரத்துக்காரர், மத்திய அரசு வேலை. எண்பதுகளின் கடைசி அது. லே எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. காஷ்மீரையும் தாண்டி, மலைகளுக்கு நடுவே, மழையே சரியாகப் பெய்யாத ஊர் என்று அவர் சொன்னபோது நான் சந்தோஷம்தான் பட்டேன். அம்மா மட்டும், "அங்க தேங்கா கெடைக்குமா, மொதல்ல அத்த கேளு" என்றாள்.

ஜூன் மாதம் போய் இறங்கினோம். முதல் மூன்று நாள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். காற்று மெலிதாம், உடம்பு பழக வேண்டுமாம். நாலாம் நாள் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் கீழுதடு நடுவில் பிளந்திருந்தது. மூக்குக்குள் ரத்தம் காய்ந்து கட்டியிருந்தது. முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, சொறிந்தால் வெள்ளைக் கோடு விழுந்தது. வேர்வை சுத்தமாக நின்று போயிற்று. ஆசைப்பட்டேனே, கிடைத்தது!

துவைத்துப் போட்ட துணி அரைமணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. நைலக்ஸ் புடவையை அவிழ்த்தால் படபடவென்று பொறி பறக்கும். கணவர் தோளைத் தொட்டால் இரண்டு பேருக்கும் சுருக்கென்று ஷாக் அடிக்கும். "பொண்டாட்டிய தொடறதுக்கே மரக்கட்டை மேல நின்னாதான் முடியும் போல" என்று அவர் கிண்டல் பண்ணுவார். எனக்குச் சிரிக்கக்கூட வழியில்லை, சிரித்தால் உதடு வெடிக்கும். இட்லி மாவு மூன்று நாளானாலும் புளிக்காமல் கிண்ணத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். குக்கரில் வைத்தாலும் பருப்பு வேக மறுக்கும்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் விடிந்ததும், நம் வீட்டுப் பழக்கத்தில், வாசலில் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் படி முழுக்கக் கண்ணாடியாக உறைந்துவிட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்கார அம்மாள் அதில் கால் வைத்து, முதுகு அடிபட மல்லாந்து விழுந்தாள். அவள் தன் பாஷையில் என்னைத் திட்டினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, நான் தமிழில் அழுதேன். பிறகு அவளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மண்வெட்டியால் பனிக்கட்டியைக் கொத்தி எடுத்தாள். சாயங்காலம் ஆப்ரிகாட் கொட்டையில் எடுத்த எண்ணெயை ஒரு சின்ன சீசாவில் கொண்டுவந்து என் முகத்தைக் காட்டிப் பூசிக்கொள்ளச் சொன்னாள். நல்ல மனுஷி. அதற்கப்புறம் அந்த வாசலில் நான் தண்ணீர் தெளிக்கவில்லை.

அப்போது நான் நாலு மாதம். குளிர் இறங்க இறங்க ஒரே அறைக்குள் வாழ்க்கை சுருங்கியது. அறை நடுவில் புகாரி என்று மண்ணெண்ணெயில் எரியும் இரும்பு அடுப்பு. அது குளிரை விரட்டும், இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். தொண்டை காய்ந்து எரியும். அதனால் அதன் மேல் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நாளெல்லாம் ஆவி விடுவேன். பீர்க்கன்கரணையில் இருபத்து மூன்று வருஷம் ஈரத்தைச் சபித்தவள், இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து ஈரம் தயாரித்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் மலைப்பாதையைப் பனி மூடியது. இனி மே மாதம்தான் திறக்கும். வெளியே போக ஒரே வழி விமானம். அதுவும் காலையில் வானம் தெளிவாக இருந்தால்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த உயரத்துக்கு நான் புதுசு, குழந்தை எடை ஏறவில்லை, முதல் பிரசவம் வேறு. எவ்வளவு சீக்கிரம் கீழே போகிறேனோ அவ்வளவு நல்லது என்றார். நான் அதை அப்படியே அம்மாவுக்கு எழுதினேன். அம்மா பேசுவது போலவே எழுதுவாள். பதில் வந்தது:

"ஆறாம் மாசம் எரட்டப்படை, அதுல கெளம்பாத. அதுவும் மார்கழி. தை பொறந்ததும் ஏழாம் மாசம் வந்துடு. வளைகாப்புக்கு நாள் பாத்துட்டேன், ஊரெல்லாம் சொல்லிட்டேன். எட்டாம் மாசத்துல மட்டும் வாசப்படி தாண்டாத, எட்டுல பயணம் போனா புள்ள தங்காது."

அந்த வாரமே கணவர் ஆபீசிலிருந்து ஓடிவந்தார். "சீட் கெடைச்சிருக்கு. புதன்கிழமை. டெல்லி வரைக்கும் நான் வந்து ரயில் ஏத்தி விடறேன்."

"மார்கழி ஆச்சே" என்றேன்.

"மார்கழின்னா பிளேன் பறக்காதா?"

"ஆறாம் மாசம் வேறங்க. அம்மா தை பொறந்ததும் வரச் சொல்லியிருக்கா. இன்னும் மூணு வாரம்தானே?"

"நீ பி.எஸ்ஸி. படிச்சவதானே?" என்றார் அவர்.

படித்தவள்தான். அம்மாவின் இரட்டைப்படை, ஒற்றைப்படை எல்லாவற்றையும் கேலி பண்ணுகிறவள்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த வளைகாப்பு வேண்டும். இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி, எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் கன்னத்தில் சந்தனம் பூச, நான் நடுவில் உட்கார வேண்டும். நாள் தள்ளிப் போனால் போகட்டும், சாஸ்திரத்தோடு போவோம் என்று நினைத்தேன். புதன்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்கு எங்கள் கூரைக்கு மேலே ஏறிப் போயிற்று. நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன்.

தை பிறந்தது. மேகம் வந்து உட்கார்ந்தது.

காலையில் பெட்டியைக் கட்டுவோம். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கணவரின் கோட்டு. ஆபீஸ் ஜீப்பில் விமான தளத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்போம். பதினொரு மணி வாக்கில் உள்ளேயிருந்து ஒருவர் வந்து உதட்டைப் பிதுக்கிக் கையை ஆட்டுவார். திரும்பி வந்து பெட்டியைப் பிரிப்போம். மறுநாள் மறுபடி. எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வளைகாப்பு வைத்திருந்த நாளில் நான் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன். மூக்கில் ரத்தம் வந்து கைக்குட்டையால் அடைத்துக்கொண்டிருந்தேன். விமானம் வரவில்லை, எப்போது வரும் என்று தெரியவில்லை என்று கணவர் அம்மாவுக்குத் தந்தி கொடுத்தார். விமானம் இல்லாததால் தபாலும் இல்லை. அம்மா என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

குழாய் உறைந்தது. ஜன்னலுக்குப் பாலிதீன் அடித்ததில் வெளியே இருப்பது ஒரு வெள்ளைக் கலங்கலாக மட்டும் தெரிந்தது. நாலு சுவர், ஒரு அடுப்பு, மண்ணெண்ணெய் நாற்றம். இந்தக் காற்றில் பிள்ளைக்கு மூச்சுப் போதுமா என்று வயிற்றில் கை வைத்தபடியே இருப்பேன்; ஒரு மணி நேரம் அது அசையவில்லையென்றால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஒரு நாள் தாங்க முடியாமல் கத்திவிட்டேன். "ஜெயில்ல போட்டாகூட எப்ப விடுவாங்கன்னு சொல்லுவாங்க! என்னைக் கொண்டாந்து இங்க அடைச்சிட்டீங்களே!"

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

எட்டாம் மாதம் பிறந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் வரை நீ பறக்கலாம், அதற்குமேல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் காலையில் வானம் திறந்தது. விமான தளத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவுடனேயே சத்தம் கேட்டது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள். மலை இடுக்கிலிருந்து விமானம் வளைந்து வந்து இறங்கியது.

சீட்டு கையில் இருந்தது. சான்றிதழைப் பார்த்தவர் தலையாட்டி உள்ளே விட்டார். வெட்டவெளியில் நடந்தோம். விமானத்தின் வயிற்றிலிருந்து தபால் மூட்டைகளை இறக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணிக்கு இருபது அடி இருக்கும்போது என் கால் நின்றுவிட்டது.

எட்டாம் மாசம். எட்டுல பயணம் போனா புள்ள தங்காது. அம்மாவின் குரல் பக்கத்தில் நின்று சொல்வது போலக் கேட்டது. விமானம், அப்புறம் இரண்டு ராத்திரி ரயில். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? தெரிந்தே செய்தேன் என்று ஆகாதா? பி.எஸ்ஸி.யும் கேலியும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"நான் வரலை" என்றேன்.

"என்னது?"

"எட்டாம் மாசங்க. நான் வரலை."

"விளையாடறியா? ஒரு மாசமா இதுக்குத்தானே அழுத? டாக்டரே போன்னு சொல்லியாச்சு, இன்னும் என்ன?" அவர் குரல் உடைந்தது. கையைப் பிடித்து இழுத்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஏறக்கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. கதவு திறந்திருந்தது, அதை மூடும்வரை திறந்தேதான் இருந்தது.

மறுநாள் மதியம் தபால் வந்தது. அதே விமானத்தில் வந்த தபால். அம்மாவின் இன்லேண்ட் லெட்டர் ஒன்று, தந்தி கிடைத்த அன்றே எழுதியது.

"வளைகாப்பு போனா போவுது. நீ எந்த மாசம் இன்னாங்கறதெல்லாம் பாத்துகினு உக்காந்திராத. எட்டோ ஒம்போதோ, பிளேன் வந்தா மொதல்ல ஏறி வந்து சேரு. நான் சொன்னதெல்லாம் இங்க காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ்ஸுல குலுங்கிகினு போறவளுங்களுக்கு. அந்த ஊர்ல நீ ஒண்டியா புள்ள பெத்துக்க கூடாதுடி கண்ணு. எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல."

இரண்டு தடவை படித்தேன். கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "என்ன எழுதியிருக்காங்க?" என்றார்.

"எல்லாரும் சௌக்கியமாம்" என்றேன். அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் புகாரியின் மூடியைத் தூக்கி அதை உள்ளே போட்டேன். கை காய்ந்திருந்ததில் கடிதத்தின் ஓரம் விரலை அறுத்திருந்தது; அதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த விமானம் வந்தபோது டாக்டரம்மா சொன்ன பத்து நாள் தாண்டியிருந்தது. பங்குனியில் அங்கேயே பெண் பிறந்தாள். பூனைக்குட்டியளவுதான் இருந்தாள். முதல் இரண்டு நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். அந்த இரண்டு நாளும் நான் என்னைத் திட்டாத திட்டு இல்லை. வீட்டுக்கார அம்மாள் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து குழந்தையின் காலடியில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் குழந்தை வீறிட்டு அழுதது. பிழைத்துக்கொண்டாள்.

ஜூனில் பெருங்களத்தூரில் ரயிலை விட்டு இறங்கியபோது வேர்வை முதுகில் வழிந்தது. எனக்கு மூச்சு முட்டியது. குழந்தைக்கு இரண்டே நாளில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அம்மா அவளை மடியில் போட்டுப் பவுடர் தட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன்டி, எட்டானாலும் பரவால்ல, பிளேன் வந்தா ஏறிடுன்னு ஒரு லெட்டர் போட்டேனே. வரலையா?"

அவள் கை குழந்தையின் கழுத்தில் நின்றுவிட்டது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அவளும் அந்த மூன்று மாதமும் தூங்கியிருக்க மாட்டாள். லெட்டர் பிளேனிலேயே வந்தது, அந்தப் பிளேனை நான்தான் விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"வரவே இல்லையேம்மா" என்றேன்.

"பாத்தியா! நாசமாப் போறவனுங்க, ஒரு கடுதாசிய ஒயுங்கா கொண்டாந்து குடுக்க முடியுதா இவனுங்களால?" என்று அம்மா தபாலாபீசை மூச்சு விடாமல் திட்ட ஆரம்பித்தாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.