போனைத் திருப்பிக் காட்டினேன்

எங்கள் கடையில் வேலை செய்த ஒரு பெண்ணின் வேலை என் போனால் போயிற்று. வெளியில் யாராவது கேட்டால் நாங்கள் இதை இப்படிச் சொல்வதில்லை. "அவங்களே நின்னுட்டாங்க" என்போம். கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குப் பூசி மெழுகுவது சீக்கிரம் கைவந்துவிடும்.

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள் நான். கடையைப் பார்த்துக்கொள்வது என் கணவர். புடவைகளைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதும் அதற்குக் கீழே நாலு வரி எழுதுவதும் என் வேலை. எழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. புதுக் கடை திறந்த அன்று வேலையாட்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து, "இது கடை மட்டுமா? எங்கள் குடும்பம்" என்று எழுதினேன். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். கடையில் நின்றவர்களும் போட்டார்கள்.

மாமனார் காலத்துக் கடையில் கவுன்டர் கிடையாது. தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெள்ளைத் துணி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மெத்தையில் உட்கார்ந்துதான் புடவையைப் பிரிப்பார்கள். அது ஒன்றும் சொர்க்கமில்லை. அப்போது வேலை செய்தவர்களுக்கு முட்டி போயிற்று. மாமனாருக்குப் பிறகு கடையை இடித்துக் கட்டியபோது ஷோரூம் மாதிரிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். கண்ணாடி கவுன்டர், மேலே வரிசையாக விளக்கு, வாடிக்கையாளருக்குச் சிவப்பு வெல்வெட் ஸ்டூல். அந்த ஸ்டூலுக்காக வேலூர் போய்க் கடைகடையாக ஏறி இறங்கினேன். கவுன்டருக்கு உள்ளே நிற்கிறவர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றி, செலவு என்று விட்டிருந்தால் அது கஞ்சத்தனம். தோன்றாமலே இருந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போன அந்தப் பெண் நின்றது முகூர்த்தப் புடவை கவுன்டரில். களம்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷனுக்கு ரைஸ்மில்லில் வேலை. வீட்டில் ஓய்ந்த நேரத்தில் ப்ளவுஸுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பாள். மணியும் ஜரிகையும் வைத்து ஊசியால் கையிலும் கழுத்திலும் பூப்போடுகிற வேலை. நானும் அவளிடம்தான் கொடுப்பேன். கடையில் என்னை "மேடம்" என்பாள்; அளவு பார்க்க வீட்டுக்கு வந்தால் "அக்கா". வந்ததும் நாற்காலியைக் காட்டினால்கூடத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். "தோ அக்கா, ஒரு நிமிஷம்" என்று கண்ணை மூடிக்கொள்வாள். சரியான சோம்பேறி என்று ஒருமுறை கேலிகூடச் செய்திருக்கிறேன். சிரித்தாள்.

முடித்த ப்ளவுஸ்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பாள். வாடிக்கை பிடிப்பதற்காக. தினமும் காலையில் அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

ஆடி மாதம். தள்ளுபடி விற்பனை தொடங்கிக் கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை, கணவருக்கு இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டேட்டஸில் மயில் போட்ட ஒரு ப்ளவுஸ் கை வந்தது. அடுத்து ஒரு ஜோடிக் கால். சிமென்ட் தரையில், செருப்பில்லாமல், வீங்கி, மெட்டி சதைக்குள் அமுங்கிக் கிடந்தது. கீழே அவளே எழுதியிருந்தாள்:

"ஆடித் தள்ளுபடி. எங்க கடையில நாங்க உக்கார்றதும் தள்ளுபடி. காலையில போனா ராத்திரி வரைக்கும் நின்னுகினே இருக்கணும். வேலை செய்றவங்க உக்கார எடம் தரணும்னு சட்டம் இருக்குது. ஸ்டூல்தான் இல்ல."

கடையின் பெயர் இல்லை. யாரையும் திட்டவில்லை. அடுத்த படத்தில் மறுபடி ப்ளவுஸ், தாமரைப் பூ.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக ஆடித் தள்ளுபடிக்கு ஒரு நல்ல வாசகம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்புப் படித்த எனக்கு வராதது இவளுக்கு இப்படி வந்து விழுந்திருக்கிறதே என்ற சிரிப்பு. அந்தக் கால்களை நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கற?" என்றார் கணவர், இட்லியைப் பிட்டபடி.

போனைத் திருப்பிக் காட்டினேன்.

முதலில் அவரும் சிரித்தார், சத்தியமாக. பிறகு இடது கையால் போனை வாங்கி மறுபடி படித்தார்.

"இத எத்தினி பேரு பாத்துருப்பாங்க?"

"கடை பேரு போடலியே" என்றேன்.

"அவ எந்தக் கடைன்னு ஊருக்கே தெரியும்." தன் போனை எடுத்துத் தேடினார். "எனக்கு வரல பாரு. நம்மள மறைச்சுட்டு ஊருக்கு காட்டிகினு இருக்கா."

என் போனிலேயே அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்துத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "விடுங்க, அது அவ சொந்த ஸ்டேட்டஸ்" என்று சொல்லியிருக்கலாம். "சட்னி போடட்டுமா?" என்று கேட்டேன்.

மத்தியானம் கடை மாடியில் ஒரு மெரூன் புடவையைப் படத்துக்காக விரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மேஜையும் அதே அறையில்தான். அவளை மேலே கூப்பிட்டனுப்பினார். அவர் கத்துகிறவர் இல்லை. போனை அவள் பக்கம் நீட்டினார்.

"இத நீதான் வெச்சியாம்மா?"

"ஆமா சார்."

"எடுத்துடு."

அங்கேயே நின்று எடுத்தாள்.

"தெரியாம எழுதிட்டேன், கடையில ஒரு கொறையும் இல்லன்னு ஒரு ஸ்டேட்டஸ் வெச்சுடு. இதோட உட்டுடலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரிஞ்சுதான் சார் எழுதினேன். நின்னுகினுதான இருக்கோம்."

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லணும். வீட்டு விஷயத்த தெருவுல கொண்டுபோய் கொட்டுவாங்களா?"

"பொங்கலப்பவே சூப்பர்வைசர் கிட்ட சொன்னோம் சார். பாக்கலாம்னாரு." பிறகு, எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லாமல் சொன்னாள். "இது எங்க வீடு இல்லியே சார். வீடா இருந்தா உக்காந்திருப்போம்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். காட்டியது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானைக் குஞ்சத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"அப்ப நாளையிலேர்ந்து வீட்லயே உக்காந்துக்கம்மா" என்றார் கணவர். குத்திப் பேசுகிற மனிதர் இல்லை அவர். அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. அவள் "சரி சார்" என்று இறங்கிப் போனாள். அந்த மெரூன் புடவைப் படத்தை நான் போடவே இல்லை. புடவை விற்றுவிட்டது, அது வேறு.

அதற்குப் பிறகு பல நாட்கள் எனக்குள்ளேயே நான் வாதாடிக்கொண்டிருந்தேன். காட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுப்பவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வேண்டுமே, எனக்கு அவள்மேல் என்ன பகை? இப்படி ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. மனசு கேட்காமல், வேலூரில் வக்கீலாக இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்து யாருக்கோ நடந்ததுபோல விஷயத்தைக் கேட்டேன். அவனுக்கா புரியாது?

"அவங்க போன்ல, அவங்க நேரத்துல, உள்ளத எழுதியிருக்காங்க" என்றான். "பொய் சொல்லி கடை பேர கெடுத்திருந்தா அது வேற பேச்சு. உக்கார எடம் தரணும்ங்கறது சட்டம். இல்லன்னு வெளிய சொன்னதுக்காக விசாரிக்காம கொள்ளாம ஜல்தியா அனுப்பிட்டா அத கேள்வி கேக்கலாம்க்கா. அவங்க எங்கிட்ட வந்தா மாமா மேலயே கேஸ் போடுவேன்." சிரித்தான். அப்புறம் சொன்னான்: "ஆனா வர மாட்டாங்க. கேஸ் போட்டவங்கள அந்த ஊர்ல வேற எந்தக் கடை சேத்துக்கும்?"

வர மாட்டாள் என்று அவன் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இட்லித் தட்டுக்கு எதிரில் போனைத் திருப்பியதைக்கூட என்னால் ஒருவாறு மன்னித்துவிட முடியும் போலிருக்கிறது. இந்த நிம்மதியை முடியவில்லை.

அன்று மாலையே கணவரிடம் பேசினேன். "அவள திரும்ப கூப்புடுங்க. எல்லாருக்கும் ஸ்டூல் போட்டுடலாம்."

"போடலாம்" என்றார். "இப்ப போட்டா ஸ்டேட்டஸுக்கு பயந்து போட்ட மாதிரி ஆயிடும். கொஞ்ச நாள் போவட்டும்."

"அப்ப அவ?"

"நீதான காட்டின?" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கடையில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் வண்டியை எடுக்கிற மனிதர். கொடுப்பதற்கு அவருக்கு எப்போதும் மனசு உண்டு. கேட்டால்தான் கோபம் வரும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கு இது அன்றைக்குத்தான் விளங்கியது. ஸ்டூல் இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

என் ப்ளவுஸ் ஒன்று அவளிடமே மாட்டிக்கொண்டிருந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்காகக் கொடுத்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆவணி பிறந்ததும் அவளே செய்தி அனுப்பினாள்: "ப்ளவுஸ் ரெடி அக்கா. ஒரு தடவ போட்டுப் பாத்துட்டா நல்லது." யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

முன்னறையில் ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து, "வாங்க அக்கா, மோர் குடிக்கறீங்களா?" என்றாள், எப்போதும் போல. அவள் காலைப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது. வேறு எங்காவது சேர்ந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"ரெண்டு கடையில கேட்டேன். 'நீதான அந்த ஸ்டேட்டஸு'ன்னாங்க. அது எல்லா கடைக்காரங்க போன்லயும் போயிருக்குது. பேஜாராப் பூடுச்சு." மோர் டம்ளரை என் கையில் கொடுத்தாள். "இவரு மில்லுக்கு போறதால சோத்துக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணுக்கு காலேஜ் இந்த வருஷம் வேணாம்னு உட்டுட்டோம்."

அப்படி ஒரு பெண் அவளுக்கு இருப்பது எனக்குத் தெரியும். அவள் கல்லூரியில் சேர்வது அந்தச் சம்பளத்தில்தான் என்பது தெரியாது. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

உள்ளே போய் ப்ளவுஸைப் போட்டுக்கொண்டேன். அவள் பின்னால் நின்று கொக்கிகளை மாட்டினாள். முகத்தைப் பார்க்காமல் பேச இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"நான் வேணும்னு காட்டல. சிரிப்பு வந்துது, அவரு கேட்டாரு, காட்டிட்டேன்."

"தெரியும் அக்கா."

அத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. குற்றத்தில் கொஞ்சத்தை அவள் தலையிலும் இறக்கி வைக்கப் பார்த்தது. "எல்லாரையும் மறைச்ச நீ என்னையும் மறைச்சிருக்கலாம் இல்ல? மறந்துட்ட."

பின்னால் அவள் கை நின்றது.

"மறக்கல அக்கா. சாரு, சூப்பர்வைசரு, பில் போடற அண்ணன், ஒவ்வொருத்தரா பாத்து மறைச்சேன். உங்க பேரும் வந்துது. வேணும்னுதான் உட்டேன்."

"எதுக்கு?"

"நாங்க சொன்னா சார் காதுல ஏற மாட்டேங்குது. நீங்க பாத்தா எடுத்துச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

கண்ணாடியில் என் முகம் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. "சொன்னேனே" என்றேன் அவசரமாக. "ஸ்டூல் போடச் சொல்லி சொன்னேன்."

"எப்போ அக்கா?"

"நீ போனதுக்கு அப்புறம்."

அவள் கடைசிக் கொக்கியை மாட்டினாள்.

"கையத் தூக்குங்க அக்கா, எங்கயாவது பிடிக்குதான்னு பாக்கலாம்" என்றாள். தூக்கினேன். எங்கும் பிடிக்கவில்லை.