மூக்கில் விட்ட உப்புத் தண்ணீர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் என் மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்தே மூச்சில் கர்புர்ரென்று ஒரு சத்தம். வாயைத் திறந்து அழுதால் சிவப்பாக இருப்பாள். மார்பில் வாய் வைத்தால் உதடு நீலம் பாரித்துவிடும், விட்டுவிட்டு அலறுவாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் வீட்டில் யார் வாய் திறந்தாலும் எரிந்து விழுந்தேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்கில் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்.

"பொறக்கும்போதே மூக்கு வழி குறுகலா இருக்கும்மா. முழுசா அடைக்கல. வளர வளர விரியும். அதுவரைக்கும் பால் குடுக்கறதுக்கு முன்னாடி இந்தச் சொட்டு மருந்தை விடுங்க. பாலைப் பீச்சிப் பாலாடையில குடுங்க. வாயை மூடிக்கிட்டு மூச்சு விட ஆரம்பிச்சிட்டா ஆபரேசன் வேணாம். உடம்பு எளைச்சா பண்ணித்தான் ஆகணும்."

"என்னா மருந்துங்க இது?"

"வெறும் உப்புத்தண்ணிதாம்மா."

அதுதான் வினையாகிப்போனது. என் வீட்டுக்காரருக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. மருந்துக் கடையில் வாங்கியதிலிருந்து பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஒரே புலம்பல்: "உப்பளத்துக்காரனுக்கே உப்புத்தண்ணிய விக்கிறாங்க பாரு." மறுநாள் ஒரு சொம்பு உப்புப் பாத்தித் தண்ணீரைக் கொண்டுவந்து, காய்ச்சி, வேட்டியில் வடிகட்டி, பெருமையாக நீட்டினார்.

"மொதல்ல உன் மூக்குல வுடுய்யா," என்றேன்.

விட்டார். மனுஷன் தும்மி, இருமி, கண்ணெல்லாம் சிவந்து, தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இது பிள்ளையின் மூக்கில் போயிருந்தால் என்று நினைத்ததும் சொம்பை வாசலில் கவிழ்த்தேன். கடை மருந்தில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். கண்ணீர் அளவுதான் கரித்தது. அவர் நாக்கிலும் விட்டேன்.

அதன்பிறகு வீட்டில் இருக்கும்போதெல்லாம் அவரேதான் சொட்டு விடுவார். உப்பில் வெடித்த கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, அவசரமே படமாட்டார். நான் பாலாடையில் புகட்டுவேன். மெதுவாகக் கன்னத்தில் சதை வைத்தது.

ஒரு மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தேன். தூளிப் பக்கம் சத்தமே இல்லை. அந்தக் கர்புர் நின்றுபோயிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். மூக்கடியில் விரலை வைத்தேன். சூடாகக் காற்று பட்டது. நம்பிக்கையில்லாமல் உள்ளங்காலைச் சுண்டினேன், வீலென்று அழுதாள். எடுத்து மார்பில் வைத்தேன். வாயை எடுக்காமல் குடித்து, அப்படியே தூங்கினாள்.

அவர் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாடி, புள்ள சத்தத்தையே காணோம்?"

"கத்தாதய்யா. மூக்கால மூச்சு வுடுது."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.