‘ஊரிக்கே’ அழுதவள்

சென்ற ஆண்டு கோடையில், திருப்பதியில் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது இது. நான் எளிதில் கோபப்படுகிறவள் அல்ல. ஆனாலும் அந்த முற்பகலை நினைக்கும்போது இன்றும் உள்ளே ஏதோ சுடுகிறது.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் இடையில் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தி நடுவில் தடுப்புச்சுவர் எழுப்பியவர்கள், ஊருக்கு ஒரே ஒரு திறப்புதான் விடமுடியும் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் விடுவதா, கல்யாண மண்டபத்துக்கு எதிரில் விடுவதா என்று முடிவாகாமல் மாதங்கள் கடந்தன. அதுவரை பிள்ளைகள் சுவரேறிக் குதித்துத்தான் பள்ளிக்குப் போனார்கள். அப்படிக் குதித்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை லாரி மோதியது. உயிர் பிழைத்துக்கொண்டாள். வலது முழங்கால் மட்டும் இனி மடங்காது.

அவளுடைய தாய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. நிலக்கடலை பயிரிடும் குடும்பம். இரு தரப்பையும் விசாரிக்கக் கூட்டம் என்றதும், அந்தப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் என்னையும் துணைக்கு அழைத்துப்போனாள்.

முதலில் பேசியவர் மண்டபத்தின் உரிமையாளர். பேசினார் என்பதைவிட இரைந்தார் என்பதே பொருந்தும். “மண்டபத்துக்கு வர்ற பெரிய மனுசங்க அவ்ளோ தூரம் சுத்திக்கினு வரணுமா? ஊர்ல எம் மானம் போவுது சார்” என்று மேசையை ஓங்கிக் குத்தினார். தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. சித்தூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி அவருக்குக் குளிர்பானம் வரவழைத்தார். “உங்க ஆதங்கம் நியாயமானதுதான்” என்றார்.

அடுத்து அவள் எழுந்தாள். சாலை வளைவைப் பற்றித்தான் தொடங்கினாள். புத்தூர்ப் பக்கமிருந்து வரும் வண்டி, பள்ளி வாசலை நெருங்கும்வரை கண்ணில் படாது என்றாள். மகள் விழுந்து கிடந்த இடத்தைச் சொல்ல வந்தபோது குரல் உடைந்து, கண்ணீர் வழிந்தது. ஆனால் பேச்சை நிறுத்தவில்லை, நிறுத்தியவர் அதிகாரிதான்.

“எமோஷன் வேணாம்மா. பாயிண்ட் இருந்தா சொல்லுங்க” என்றவர், உதவியாளர் பக்கம் திரும்பித் தெலுங்கில் தணிந்த குரலில், “ஊரிக்கே ஏடுஸ்தா உந்தி” என்றார். சும்மா அழுகிறாள், காரணமில்லாமல் அழுகிறாள் என்று அதற்குப் பொருள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் தெலுங்கு தெரியாதவர் யார்? அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொன்னாள்.

“ஆமா சார், ஊருக்கேதான் அழுவறேன். எம் பொண்ணு கால் போனது போச்சு. நீங்க எங்க தொறந்து வுட்டாலும் அது திரும்பி வராது. நாளைக்கு அந்த செவுரு ஏறப் போறது ஊர்ப் பசங்க. அழுதுக்கினே சொன்னா வளைவு நேராயிடுமா சார்?”

சிரிப்பு நின்றது. நானும் எழுந்தேன். “ஐயா, அவர் மேசையைக் குத்தினாரே, அது எந்தப் பாயிண்ட்?” என்று கேட்டேன். அதிகாரி என்னைப் பார்க்காமல், இடத்தை நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

ஊர் திரும்பும் பேருந்தில் என் மனம் ஆறவேயில்லை. ஓர் ஆணின் சினம் நியாயமாகிறது. ஒரு தாயின் கண்ணீர் மட்டும் பேச்சின் பெறுமானத்தைக் குறைத்துவிடுகிறது. இந்தத் தராசை யார் செய்து வைத்தார்கள்? அந்த அறையில் சாலையைப் பற்றிப் பேசியவள் அவள் ஒருத்திதான். உணர்தல் என்ற ஒரே சொல்லால் அறிவதையும் நெஞ்சால் அனுபவிப்பதையும் சொல்கிற மொழியில்தான் நாங்கள் வளர்ந்தோம். அவள் அந்த வளைவை அறிந்திருந்தாள் என்பதற்கு அழுகையைவிட வேறென்ன சான்று வேண்டும்? அவளோ சன்னல் பக்கம் சாய்ந்து, “வுடுங்க டீச்சரம்மா, உங்களுக்கு பிரஷர் ஏறிடப் போவுது” என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

சொன்னபடி அதிகாரி வந்தார். பிள்ளைகள் குதிக்கும் இடத்தில் நின்று, தாமே கடந்து பார்ப்பதாகச் சாலையில் இறங்கினார். சில அடிகள் வைத்திருப்பார். வளைவிலிருந்து ஒரு லாரி ஒலி எழுப்பியபடி வெளிப்பட்டது. மனிதர் பின்னால் பாய்ந்து உதவியாளரின் தோளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு எங்களிடம் வந்தார். “சரிம்மா, மனிதாபிமானத்தோட இங்கயே தொறக்கச் சொல்றேன்” என்றார்.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை.

“பாவம் பாத்தா குடுக்கறீங்க?” என்று கேட்டாள், குரலை உயர்த்தாமல். “இப்போ பயந்தீங்களே சார், அதான் நான் அன்னிக்கு சொன்ன பாயிண்ட்டு.”

அவர் வண்டியில் ஏறினார்.

திறப்பு பள்ளி வாசலுக்கு எதிரிலேயே அமைந்தது. மாலையில் பிள்ளைகள் கூட்டமாக அதைக் கடக்கும்போது, மடங்காத காலை இழுத்து வைத்தபடி அவள் மகளும் வருகிறாள். தன் தாய் அழுதபடியே வாதாடி வென்ற வழியை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததாக அந்தப் பெண் ஒருநாளும் நம்பிவிடக் கூடாது என்ற பதைப்பில்தான் இதை எழுதிவைக்கிறேன்.