வல்லிபுரம் அண்ணனின் உறையாத பால்

பனிச்சங்கேணியில் எருமைப் பட்டி வைத்திருந்த வல்லிபுரம் அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் சண்டைக் காலத்தில், ஷெல் விழுந்து குழியான ரோட்டால் சைக்கிளில் தயிர் உறைந்த மண்முட்டிகளைக் கட்டிக்கொண்டுபோய் விற்று ஆளானவன். இன்றைக்கு வாழைச்சேனையில் என் தயிர்க் கடையைத் தெரியாது என்பவன் ஊருக்குப் புதியவனாகத்தான் இருக்கவேண்டும். ஒரு கரண்டி வாயில் வைத்தாலே எந்தப் பட்டிப் பால் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னையே அந்த மனிதரின் முட்டிகள் ஒருமுறை திகைக்கவைத்தன.

அண்ணனுக்குப் பெரிய உடம்பு, சின்னக் குரல். எருமைகளோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசமாட்டார். குறைந்த பேச்சையெல்லாம் அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை அக்கா சேர்த்துப் பேசிவிடுவா. பால் கறப்பது அண்ணன். காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றுவது புஸ்பம். அவள் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அண்ணனின் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு தென்னோலைக் கிடுகுக் குடிசை போட்டுக்கொடுத்திருந்தார்கள். உறை ஊற்றுகிற வேலைதான் அவளுக்குச் சோறு, குடிசை, பாதுகாப்பு எல்லாம். அவள் கை பட்ட முட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது.

அந்த வருடம் மாரி மழையோடு அண்ணனின் நல்ல கறவை எருமைகள் சிலதுக்கு மடி வீங்கிக் கல்லாகிப்போனது. எங்கள் பக்கத்துக்கு அப்போது மருந்து வராது. அனுமதி இல்லாமல் ஒரு பெனிசிலின் போத்தலோடு சோதனைச்சாவடியில் பிடிபட்டால் ஆள் வீடு திரும்புவது நிச்சயமில்லை. அப்படியிருந்தும் ஓட்டமாவடி மஜீட், அண்ணனின் பழைய மாட்டு வியாபாரக் கூட்டாளி, தவிட்டுச் சாக்குக்குள் ஒளித்து மருந்தும் ஊசியும் கொண்டுவந்து கொடுத்தார்.

"மச்சான், ஊசி போட்ட மாட்டுட பால முட்டிக்குச் சேர்த்துராத. கொஞ்ச நாளைக்கு மண்ணுல ஊத்திரு. வெட்டினரி டொக்டர் சொன்னது" என்று மஜீட் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் "ஓம்" என்றார். ஆனால் ஊற்றவில்லை. பட்டிக்காரன் பாலை மண்ணில் ஊற்றமாட்டான். ஊற்றினால் பட்டிக்கே மடி வற்றும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். கொதிக்கவைத்தால் எந்தக் கெடுதியும் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பாலையும் மற்றப் பாலோடு ஒரே பானையில் ஊற்றினார். ஊசி போட்ட விஷயத்தை வீட்டில்கூட வாய்திறக்கவில்லை. அக்காவின் காதுக்குப் போனால் அது ஊரின் வாய்க்குப் போனமாதிரி.

மடி வீக்கம் வற்றியது. தயிர் மட்டும் உறையவில்லை. விடிய மூடியைத் திறந்தால் பால் பாலாகவே கிடந்தது.

நான் முட்டி எடுக்கப்போனபோது அக்கா முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தா.

"உறைமோர் பழசெண்டாள், ஆச்சிப்பிள்ளை வீட்டில புது உறை வாங்கிக் குடுத்தன். இப்ப என்ன சொல்லப்போறாய்? மாசத் துடக்கோட பானையத் தொட்டிருக்காய், அதான்!"

"இல்ல மாமி. துடக்கெண்டா நான் அடுப்படிப் பக்கமே வாறல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கென்ன தெரியும்? உன்ர சீலைய நானா தோய்க்கிறன்?"

என்னைக் கண்டதும் அக்கா என் பக்கம் திரும்பினா. "நீ பெரிய தயிர் முதலாளியெல்லா, சொல்லு பாப்பம். இது பாலா, தயிரா?"

"தேத்தண்ணிக்கு நல்லாயிருக்கும் அக்கா" என்றேன். புஸ்பம்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மஜீட்டைத் தேடிப் போய்விட்டார்.

மஜீட் அவரை நன்றாக ஏசியிருக்கிறார். "ஊத்தச் சொன்னனா இல்லையா? உறைமோர் எண்டா என்ன மச்சான்? கண்ணுக்குத் தெரியாத உசிரு. கோடிக்கணக்குல கிடக்கு. அது பால்ல பெருகித் தின்டு புளிப்பாக்கினாத்தான் தயிரு. மடிக்குள்ள இருந்த கிருமியும் அதுட சாதிதான். ஊசி மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி எண்டு தெரியுமா? ரெண்டையும் கொல்லும்."

"நான் கொதிக்கவச்சனே!"

"கொதிச்சா கிருமி சாகும். மருந்து சாகுமா?"

அண்ணன் அப்போதும் நம்பவில்லை. பட்டிக்குத் திரும்பி, ஊசி போடாத எருமையின் பாலை ஒரு முட்டியிலும் போட்டதன் பாலை மற்ற முட்டியிலும் தனித்தனியாகக் காய்ச்சி, ஆச்சிப்பிள்ளை வீட்டு உறையையே இரண்டுக்கும் ஊற்றி வைத்தார். அவருடைய கை. துடக்கு இல்லாத ஆம்பிளைக் கை. விடிய ஒன்று கட்டியாக இருந்தது. மற்றது தண்ணீர். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து இதைப் படிக்கிறார்களாம். அண்ணனுக்கு இரண்டு முட்டி போதுமாயிருந்தது.

அங்கிருந்துதான் அவருடைய வேதனை. சொன்னால் மருந்து எப்படி வந்தது என்று கேள்வி வரும், மஜீட் மாட்டுவார். சொல்லாவிட்டால் புஸ்பம். ஊசிப் பாலைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் தயிர் தானாக உறையும், கதை அடங்கிவிடும் என்று நினைத்தார். அதைக் கன்றுகளுக்கு விட்டார். ஆனால் அக்கா அதற்குள் புஸ்பத்தைப் பானையில் கைவைக்கவிடாமல் தானே உறை ஊற்றத் தொடங்கியிருந்தா. தயிர் அருமையாக உறைந்தது.

"பாத்தீங்களா?" என்று அக்கா வீடுவீடாகச் சொன்னா. புஸ்பத்தின் பாவம் அதோடு நிரூபணமாகிவிட்டது.

அந்த நாட்களில் அண்ணன் புஸ்பம் வைத்த சோற்றைத் தொடவில்லை. அவள் பட்டிப் படலை வாசலுக்கு வந்தால் இவர் எருமைக்குப் பின்னால் போய்விடுவார். "மாமாவுக்கும் என்னில வெறுப்பு" என்று அவள் என்னிடமே சொன்னாள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கற்பூரம் கையில் கொளுத்திச் சத்தியம் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் வளவை விட்டுப் போகவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டா. வளவை விட்டால் அவளுக்குப் போக்கிடம், ஷெல் விழுகிற வாகரை அல்லது முகாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

புஸ்பம் வந்தாள். ஊரே நின்றது. உள்ளங்கையில் வெற்றிலையை விரித்து அதன்மேல் கற்பூரத்தை வைத்தாள். பூசாரி தீக்குச்சியைக் கிழித்தபோது அண்ணன் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்து அவள் கையிலிருந்த கற்பூரத்தைத் தட்டிப் பறித்தார்.

"அவள் ஒண்டும் செய்யல்ல. நான்தான். மாட்டுக்கு ஊசி போட்டனான். அந்தப் பால மண்ணுல ஊத்தாமப் பானைக்க சேர்த்தனான். அந்த மருந்துதான் உறைமோரக் கொன்டது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்க? மருந்து எங்கால வந்தது?" என்று அக்கா பாய்ந்தா.

"அதக் கேளாத. வேற என்னவும் கேள்."

அக்கா வாயடைத்து நின்றதை வாழ்நாளில் அந்த ஒருதரம்தான் பார்த்தேன். பிறகு அவவே புஸ்பத்தின் கையைப் பிடித்து, "வா புள்ள, வீட்ட போவம். நீயே உறை ஊத்து" என்றா. மெய்யாகத்தான் கேட்டா.

புஸ்பம் அண்ணனைத்தான் பார்த்தாள். "மாமா, இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மஜீ... ஒராள்ட்டக் கேட்ட அண்டைக்கே தெரியும். மறுகா நானும் உறை ஊத்திப் பாத்தனான்."

"அப்ப அக்கம்பக்கமெல்லாம் என்னைக் காறித் துப்பினது தெரிஞ்சுகொண்டுதான் இருந்தீங்க."

"ஓம் புள்ள."

வாவிக்கு அக்கரையில், மாங்கேணியில் அவளுக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியம்மா இருந்தா. அங்கே போகிறேன் என்றாள். எவ்வளவு பேசினாலும் கேட்கவில்லை. பேரம் பேசி யாரையும் மடக்குகிற நானே மன்றாடிப் பார்த்துத் தோற்றேன். கடைசியில் தோணியில் வாவியைக் கடக்கவைத்து, அக்கரையிலிருந்து என் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதற்கு ஒத்துக்கொண்டேன்.

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோணியைத் தள்ளிவிட்டார். தள்ளிய கையை எடுக்கவில்லை.

"புள்ள, எப்பெண்டாலும் வருவாயா?"

"வருவன் மாமா. உங்கட வீட்டுச் சோறு தின்டவளெல்லா" என்றாள். "ஆனா பால்ப் பானையத் தொடமாட்டன்."

அண்ணன் தலையாட்டினார். தோணி நகர்ந்தபிறகும் கரைக்கு ஏறவில்லை. நடுவாவியில் நான் திரும்பிப் பார்த்தபோதும் அந்தப் பெரிய உடம்பு தண்ணீருக்குள்ளேயே நின்றது. புஸ்பம் திரும்பிப் பார்க்கவில்லை.